யொக்கோஹாமாவிலிருந்து ஒரு முன்சீற்

பாலாம்பிகை பதினேழு வருடமாகச் சக்கர நாற்காலிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகிறவள். காலை ஆறரைக்குக் கவுன்சிலின் வாகனத் தரிப்பிடத்துக்குப் போய், மினிபஸ்ஸின் பின்கதவைத் திறந்து, லிஃப்ட் சரியாக ஏறி இறங்குகிறதா, நாற்காலியைத் தரையோடு பிணைக்கிற பட்டிகள் நாலும் இழுபடுகின்றனவா என்று பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்புவாள். பிள்ளைகள் எல்லோருக்கும் அவள் 'மிஸிஸ் பி'. அந்தப் பதினேழு வருடத்தில் ஒரு பிள்ளையின் விரல்கூட நசுங்கியதில்லை. அதை அவள் ஒருவரிடமும் பெருமையாகச் சொன்னதுமில்லை.

கணவர் கிருஷ்ணராசாவின் கையில்தான் முதலில் தெரிந்தது. தபால் தரம்பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மனிதர் அவர். கோடை வந்தால் சனி ஞாயிறுகளில் தமிழ்ச் சங்கங்களின் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நடுவராகப் போவார். போன வருடத்துக்கு முந்திய கோடையில், ஒருவனுக்கு அவுட் கொடுக்க விரலைத் தூக்கினார். விரல் நிமிரவில்லை. பாதியில் கொக்கிபோல் வளைந்து நின்றது. ஆட்டக்காரன் போகவில்லை, மைதானமே சிரித்தது. ஒக்டோபரில் வைத்தியர் நோயின் பெயரைச் சொன்னார். தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடும், அறிவு மட்டும் கடைசிவரை அப்படியே இருக்கும் என்ற வருத்தம் அது. மருந்து கிடையாது. கிருஷ்ணராசாவுக்கு அப்போது அறுபத்தேழு வயது.

தை மாதத்தில் அவர் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். ஒரு நாள் ஆஸ்பத்திரி வாகனம் வந்து அவரை ஏற்றிப்போய், பின்னேரம் கொண்டுவந்து இறக்கியது. பாலாம்பிகை வேலை முடிந்து வந்தபோது லண்டன் செவன் கிங்ஸ் வீட்டின் முன்னறையில் ஜக்கெற்றும் கழற்றாமல் இருந்தார்.

"இனி நான் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டன்," என்றார். அப்போதே அவர் குரல் கொஞ்சம் கொழகொழக்கத் தொடங்கியிருந்தது.

"ஏனப்பா? என்ன சொன்னவை?"

"டொக்டர் ஒண்டும் சொல்லேல்லை. வானுக்குள்ளை பின்னுக்கு வைச்சு என்னைச் சாமான் மாதிரிக் கட்டினவங்கள். யன்னல் என்ரை தோளுக்குக் கீழை. நாப்பது நிமிசம் கூரையைத்தான் பாத்துக்கொண்டு போனனான்." பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீரும் அந்தப் பிள்ளையளை இப்பிடித்தான் கட்டிறனீரோ?"

அவள் குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். கேத்தல் கொதித்து அடங்கியும் அப்படியே நின்றாள்.

அந்தக் கிழமையே அவள் ஒரு வானைக் கண்டாள். பள்ளிக்கூட வாசலில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்றின் தாய் கொண்டுவந்த பழைய ஜப்பான் வான். முன்கதவு திறந்தது. சாரதிக்குப் பக்கத்துச் சீற் தானாகத் திரும்பி, வெளியே நீண்டு, பிள்ளையோடு நடைபாதை மட்டத்துக்கு இறங்கி வந்தது. பாலாம்பிகை தன் மினிபஸ்ஸை விட்டிறங்கி நேரே அந்தத் தாயிடம் போனாள்.

"இங்கே இது கிடைக்காது," என்றாள் அந்தத் தாய் ஆங்கிலத்தில். "ஜப்பானில் ஏலத்தில் எடுக்க வேண்டும். பழையதாகப் பாருங்கள். பத்து வயது தாண்டினால் பெரிய பரிசோதனை ஒன்றும் இல்லை. வருடா வருடம் செய்கிற எம்.ஓ.டி. சோதனை பாஸ் பண்ணினால் போதும்."

நோயாளிகளுக்கு அரசாங்கம் வாகனம் கொடுக்கும் திட்டம் ஒன்று உண்டுதான். ஓய்வூதிய வயதுக்குப் பிறகு வருத்தம் வந்தால் அதற்குள் சேர ஏலாது. கிருஷ்ணராசா ஒரு வருடம் பிந்தி நோயாளி ஆகிவிட்டார். புது வான் அவர்களுக்குக் கனவிலும் கட்டாது. ஆகவே பழையது, கடல் கடந்து வருவது, அவளே தன் பெயரில் இறக்குவது. வேறு வழி இருக்கவில்லை.

மகள் ஜதுர்ஷிகா ஹரோவில் மருந்தாளராக இருக்கிறாள். போனில் கேட்டுவிட்டுக் கத்தினாள்.

"அம்மா, சீரியஸ்லி? பதினாறு வருசப் பழைய வான். நீங்கள் தொட்டும் பாக்கேல்லை. சீற் வேலை செய்யாட்டி என்ன செய்வியள்?"

"செய்யும், பிள்ளை."

"எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. ஆனா கொப்பர் பின்னுக்கு ஏறமாட்டார்."

கிருஷ்ணராசாவோ அதைவிட மோசம். "உமக்கு விசர்," என்றார். "நான் இருக்கப்போறது எத்தினை மாசம்? அதுக்கு ஜப்பானிலையிருந்து வானோ?"

முன்சீற்றில் எத்தனை மாதம் என்பது அவளுக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து அவருடைய அசைவுகளைப் பார்த்த சிகிச்சையாளர், குசினியில் வைத்து அவளிடம் மெல்லச் சொல்லியிருந்தாள். ஆகஸ்ட் நடுப்பகுதி வரைக்கும் முதுகு தாங்கலாம். அதற்குப் பிறகு சாய்ந்து படுக்கிற நாற்காலிதான். அந்த நிலை வந்தால் எந்த முன்சீற்றிலும் இருக்க முடியாது. பாலாம்பிகை அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் தொங்கிய கலண்டரில் ஆகஸ்ட் மாதத் தாளை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டாள்.

பெப்ரவரி தொடக்கத்தில் ஏலத்தில் வான் கிடைத்தது. 2009ஆம் ஆண்டு வெள்ளை வான். யொக்கோஹாமா முகவர் அனுப்பிய படத்தில், திறந்த கதவுக்கு வெளியே சாம்பல் நிறச் சீற் ஒன்று நிலத்தருகே இறங்கி, ஆளில்லாமல் நின்றது. அந்தப் படத்தையும் ஏலத் தாளையும் அவள் அச்செடுத்து ஒரு பைலில் வைத்தாள். பெப்ரவரி இருபதாம் திகதி கப்பல் புறப்பட்டது. செங்கடலில் பிரச்சினை என்பதால் ஆபிரிக்காவைச் சுற்றித்தான் வரும் என்றார்கள். இடைவேளைகளில் மினிபஸ்ஸுக்குள் இருந்துகொண்டு அவள் போனில் அந்தக் கப்பலைப் பார்ப்பாள். நீலத்தில் ஒரு பச்சைப் புள்ளி. காலையில் பார்த்த இடத்திலேயே பின்னேரமும் நிற்பதுபோல இருக்கும். அது தென்னாபிரிக்காவின் முனையைச் சுற்றிய கிழமை, கிருஷ்ணராசாவின் வலது கையும் கரண்டி பிடிப்பதை விட்டது.

ஏப்ரல் முப்பதாம் திகதி, புதன்கிழமை, கப்பல் சவுதாம்டனுக்கு வந்தது. அடுத்த நாள் காலை பெனிற்றா போன் எடுத்தாள். துறைமுகத்தில் வாகனங்களை விடுவித்துக் கொடுக்கும் சிறிய கொம்பனி ஒன்றில் வேலை செய்கிற பிள்ளை; யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி; கதை கொஞ்சம் வேகம். அன்று மட்டும் நிதானமாகக் கதைத்தாள்.

"அன்ரி, வண்டி ஓடிக்கொண்டோ நிக்கிறியள்?"

"இல்லை, பள்ளிக்கூடத்திலை. சொல்லுங்கோ பிள்ளை."

"உங்கடை வான் இறங்கீட்டுது. ஆனா ஒரு சிக்கல். கப்பல் பேப்பரிலை இருக்கிற சேசி நம்பர் அறுபத்தெட்டிலை முடியுது. வானிலை அடிச்சிருக்கிறது எண்பத்தாறிலை முடியுது."

"மாறி எழுதிப்போட்டினமோ?"

"அப்பிடியும் இருக்கலாம்." பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. "இல்லாட்டி வான் மாறி வந்திருக்கலாம். அந்த முகவர் அதே நாளிலை இதே மாதிரி ரெண்டு வெள்ளை வான் எடுத்திருக்கிறார். ஒண்டு கென்யாவுக்கு. அது சாதாரண வானாம், லிஃப்ட் சீற் இல்லையாம்."

பாலாம்பிகை போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். "அவரிட்டைக் கேளுங்கோவன்."

"கேட்டனான் அன்ரி. தானாகப் பதில் வருகுது. ஜப்பானிலை இப்ப பெரிய விடுமுறை. மே ஏழாம் திகதிதான் கந்தோர் திறப்பினம். ஒறிஜினல் பேப்பரும் அவரிட்டைத்தான் கிடக்குது. நாங்கள் வான் வந்து பதினாலு நாளுக்குள்ளை கஸ்டம்ஸுக்கு அறிவிக்கவேணும்."

அன்று வெள்ளைச் சட்டை போட்ட சிறுமி ஒருத்தி லிஃப்டில் ஏறும்போது, பாலாம்பிகையின் கை பொத்தானில் ஒரு நொடி தாமதித்தது. சிறுமி திரும்பிப் பார்த்தாள். "ஒன்றுமில்லை செல்லம்," என்றாள் மிஸிஸ் பி.

துறைமுகத்துக்குள் அவளைப் போல ஆட்களை விடமாட்டார்கள். அன்று பின்னேரம் பெனிற்றா அங்கே தெரிந்த ஒருவரைப் பிடித்து ஒரு படம் எடுப்பித்தாள். மழை. வானின் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். உள்ளே பொலித்தீன் உறை போட்ட சீற் ஒன்று தெரிந்தது. எந்த வானின் சீற்றும் அப்படித்தான் தெரியும். பாலாம்பிகை குசினி மேசையில் படத்தை இரண்டு விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தாள். பெருக்கப் பெருக்க அது வெறும் சாம்பல் நிறம் ஆனது.

"அங்கை ஆரோடை கதைக்கிறீர்?" என்று முன்னறையிலிருந்து கிருஷ்ணராசா கேட்டார்.

"ஒருத்தரோடையும் இல்லை."

"வான் வந்திட்டுதோ?"

"வந்திட்டுது. பேப்பர் வேலை கிடக்குது."

அது பொய் இல்லை. ஆனாலும் அவள் கதவுநிலையில் நின்று சொல்லிவிட்டு உள்ளே போகவில்லை.

அடுத்த நாள் காலை அவள் பெனிற்றாவை அழைத்தாள். "பிள்ளை, அந்தத் தம்பியை இன்னொருக்காப் போகச் சொல்லுங்கோ. மேலையிருந்து எடுக்கவேண்டாம். இடப்பக்கக் கதவுக் கண்ணாடியோடை போனை ஒட்டிப் பிடிச்சு, கீழ் நோக்கி எடுக்கச் சொல்லுங்கோ. லிஃப்ட் சீற்றெண்டால் பக்கத்திலை வயரோடை ஒரு சுவிச் தொங்கும். எங்கடை பஸ்ஸிலையும் அப்பிடித்தான்."

படம் வந்தபோது அவள் ஒரு பிள்ளையின் வீட்டு வாசலில் நின்றாள். பிள்ளையை இறக்கி, தாயிடம் ஒப்படைத்து, லிஃப்டை மடித்துக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் போனைத் திறந்தாள். சீற்றின் பக்கவாட்டில் சுருள் வயர். அதன் நுனியில் மஞ்சள் ஸ்ரிக்கர் ஒட்டிய சிறிய சுவிச்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து ஏலத் தாளை எடுத்துப் பார்த்தாள். விளங்காத எழுத்துகளுக்கு நடுவில் கையால் எழுதிய சேசி இலக்கம், எண்பத்தாறில் முடிந்தது. வந்தது அவளுடைய வான்தான். கப்பல் பேப்பரில்தான் பிழை. முகவரின் கந்தோரில் யாரோ கென்யா வானின் இலக்கத்தைத் தட்டிவிட்டிருக்கிறார்கள்.

"அப்ப விடுவிக்கலாமோ?" என்று பெனிற்றாவை அழைத்துக் கேட்டாள்.

பெனிற்றா குரலைத் தாழ்த்தினாள். "எங்கடை பெரியவர் ஒரு வழி சொல்லுறார் அன்ரி. பேப்பரிலை இருக்கிற நம்பரையே எழுதி அறிவிச்சால் திங்களுக்குப் பிறகு வான் வெளியிலை வந்திடும்."

"பிறகு?"

"பிறகு நம்பர் பிளேட் எடுக்கேக்கை வானையும் பேப்பரையும் ஒப்பிடுவினம். பிடிபட்டால் எத்தினை மாசம் இழுக்குமோ தெரியாது. பிடிபடாமலும் போகலாம். நான் உங்களுக்குச் சொல்லவேணும் எண்டு சொல்லுறன். எழுதச் சொன்னால் எழுதுறன்."

பாலாம்பிகை கலண்டரைப் பார்த்தாள். மே இரண்டு. ஏழு வரை ஜப்பான் திறக்காது. திறந்தாலும் திருத்திய பேப்பர் கூரியரில் வர வேண்டும். பதினாலாவது நாள் மே பதினாலு. எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான் தப்பும். ஒன்று பிந்தினாலும் தப்பாது. அறையிலிருந்து கிருஷ்ணராசா இருமுகிற சத்தம் கேட்டது. இருமல்கூட இப்போது பலமாக வருவதில்லை.

"பிழையான நம்பரை எழுதவேண்டாம், பிள்ளை," என்றாள். "நான் அவரை அந்த வானிலை ஏத்தி றோட்டிலை போகவேணும். பொலிஸ் மறிச்சால் அவரை எங்கை இறக்கிறது? பாத்துக்கொண்டிருப்பம்."

போனை வைத்த பிறகு அவள் கலண்டரில் மே பதினாலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். 

சனிக்கிழமை பின்னேரம் அது நடந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வழுக்குப் பலகையில் மாற்றும்போது கிருஷ்ணராசாவின் கழுத்து சடாரென்று முன்னுக்கு விழுந்தது. தாடை நெஞ்சில் புதைந்தது. மூச்சு வரவில்லை. கண் மட்டும் அகலத் திறந்து அவளைப் பார்த்தது. அவள் ஒரு முழங்காலால் அவரை முட்டுக்கொடுத்து, நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தலையை மெல்ல நிமிர்த்தினாள். ஒரு இழுப்பு. இன்னொன்று. பிறகுதான் மூச்சு வந்தது. அவர் நாற்காலியில் சரியாக இருந்து கதைக்கக் கால்மணி நேரம் எடுத்தது.

"அந்த வானை விடும்," என்றார். "திருப்பி அனுப்பும், ஆருக்காவது குடுத்துவிடும். எனக்கு வேண்டாம்."

"ஏன்?"

"என்ரை தலையே நிக்குதில்லை. முன்சீற்றிலை இருந்து என்னத்தைப் பாக்க?"

"றோட்டைப் பாருங்கோ." அவளுக்கு முதன்முறையாகக் கோபம் வந்தது. "நாலு மாசமா இந்தச் சுவரைத்தானே பாக்கிறியள்! நான் ஒவ்வொரு நாளும் எட்டுப் பிள்ளையளைக் கட்டி ஏத்திப்போட்டு வாறன். ஒவ்வொருத்தரைக் கட்டேக்கையும் நீங்கள் கேட்டது காதிலை விழுகுது. நான் அவையளைச் சாமான் மாதிரிக் கட்டேல்லை. ஆனா உங்களுக்குச் சொல்ல ஒரு மறுமொழி என்னட்டை இல்லை. வான்தான் மறுமொழி. வாயை மூடிக்கொண்டு வருமட்டும் இருங்கோ."

அவர் வாயை மூடினார். முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அவள் அவரிடம் அப்படிக் கதைத்ததில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அவர் கஞ்சியில் இரண்டு கரண்டி கூடவே குடித்தார்.

மே ஏழாம் திகதி விடிய அவள் எழும்பிப் போனைப் பார்த்தபோது முகவரின் மடல் வந்திருந்தது. மூன்று தரம் மன்னிப்புக் கேட்டிருந்தார். திருத்திய பேப்பரும் ஒறிஜினல் சான்றிதழும் அன்றே கூரியரில் போடப்பட்டன. வெள்ளி வரும் என்றார்கள்; வரவில்லை. சனி, ஞாயிறு. திங்கள் முழுதும் பெனிற்றா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். செவ்வாய்க்கிழமை, மே பதின்மூன்று, மத்தியானத்துக்குப் பிறகு உறை வந்தது. நாலு மணிக்குச் சரியான இலக்கத்தோடு கஸ்டம்ஸுக்கு அறிவிப்புப் போனது. ஒரு நாள் மிச்சம்.

"அன்ரி, போட்டிட்டன்!" என்று பெனிற்றா கத்தியது மினிபஸ்ஸில் இருந்த உதவியாளருக்கும் கேட்டது.

குட்மேய்ஸில் கராஜ் வைத்திருக்கிற ஜெனோசன் வானைப் பொறுப்பெடுத்தான். பின்பக்கம் பனிமூட்ட விளக்கு பூட்டினான், கிலோமீற்றர் காட்டிய மானியை மைலுக்கு மாற்றினான், எம்.ஓ.டி. முடித்தான். மூன்று மாதம் நின்ற பற்றரி செத்திருந்தது, அதையும் மாற்றினான். பதிவுப் பத்திரம் வர ஜூன் நடுப்பகுதி ஆனது. அதற்கிடையில் பாலாம்பிகை வேலை முடிந்து கராஜுக்குப் போய், ஒவ்வொரு நாளும் அந்தச் சீற்றை இறக்கி ஏற்றிப் பழகினாள். முதலில் வெறுஞ்சீற். பிறகு அரிசி மூட்டைகள். பிறகு ஜெனோசனே ஏறி இருந்தான்.

"அக்கா, சுவிச்சிலை எழுத்து ஜப்பான் பாசையிலை கிடக்குது. ஸ்ரிக்கர் அடிச்சுத் தரட்டோ?"

"வேண்டாம் தம்பி. கோட்டுக்கு மேலை காம்பு நீண்டிருக்கிறது ஏத்தம். கீழை தொங்குறது இறக்கம். நான் பாடமாக்கீட்டன்."

ஜூன் இருபத்தொன்று, சனிக்கிழமை காலை, வான் வீட்டு வாசலில் நின்றது. ஜதுர்ஷிகா ஹரோவிலிருந்து வந்திருந்தாள். பக்கத்து வீட்டுக் கிழவர் வேலியடியில் நின்று பார்த்தார். தூறல். கிருஷ்ணராசாவின் கழுத்துக்கு மெத்தைப் பட்டி ஒன்று போட்டு, மடியில் கம்பளிச் சால்வை சுற்றி வெளியே கொண்டுவந்தார்கள். சீற் கதவுக்கு வெளியே நீண்டு, நடைபாதைக்கு இறங்கி வந்தது. அவர் அதைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை ஒன்றும் இல்லை.

வழுக்குப் பலகையில் மாற்றினார்கள். பட்டியைப் பூட்டினாள். பொத்தானை அழுத்தினாள். சீற் ஏறத் தொடங்கியது.

பாதியில் நின்றது.

கிருஷ்ணராசா வானுக்குள்ளும் இல்லை, நிலத்திலும் இல்லை. காற்றில், தெருவைப் பார்த்தபடி, ஒரு பக்கம் சாய்ந்து தொங்கினார். எங்கிருந்தோ பீப், பீப் என்று சத்தம். அவள் திரும்ப அழுத்தினாள். அசையவில்லை. கழுத்துப் பட்டி நழுவியது. தலை முன்னுக்குச் சரிந்தது.

"அம்மா! அப்பாக்கு மூச்சு!" ஜதுர்ஷிகாவின் கையில் போன். "நைன் நைன் நைன் அடிக்கட்டோ?"

"நெத்தியைப் பிடி. உள்ளங்கையாலை. மேலை தூக்காதை, தாங்கு."

மகள் பிடித்தாள். பின்னால் ஒரு கார் ஹோர்ண் அடித்தது. பாலாம்பிகைக்கு அது கேட்கவில்லை. மினிபஸ்ஸில் லிஃப்ட் நின்றால் இழுக்கக்கூடாது, தள்ளக்கூடாது. முதலில் பார்க்க வேண்டும். அவள் ஈரத் தரையில் முழங்காலூன்றிச் சீற்றுக்குக் கீழே பார்த்தாள். கால்தட்டில் ஒன்றுமில்லை. வலப்பக்கத் தண்டவாளத்தில் ஒன்றுமில்லை. இடப்பக்கம் சால்வையின் நுனி சுருண்டு இரும்புக் கைக்குள் போயிருந்தது.

"கத்தரிக்கோல் எடுக்கட்டோ?"

"வேண்டாம். இறக்கிறன்."

"இறக்கிறியளோ? அப்பான்ரை கால் கீழை கிடக்குது!"

அவள் ஒரு கையால் அவருடைய இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்து முன்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். மற்றக் கையில் சுவிச். நனைந்த மஞ்சள் ஸ்ரிக்கரில் இரண்டு எழுத்துகளும் ஒரு கணம் ஒன்றுபோலத் தெரிந்தன. கண்ணை மூடித் திறந்தாள். கீழே தொங்குகிற காம்பு. அழுத்தினாள்.

சீற் ஒரு சாண் இறங்கியது. இரும்புக் கை வாய் திறந்தது. சால்வையை உருவி எறிந்தாள். பீப் சத்தம் நின்றது. மற்றப் பொத்தான். சீற் மெல்ல மெல்ல ஏறி, உள்ளே போய், திரும்பி, முன்கண்ணாடியைப் பார்த்து நின்று, கிளிக் என்றது. ஜதுர்ஷிகா தலையணையைச் சரிசெய்து பட்டியை இறுக்கினாள். பிறகு நடைபாதை விளிம்பில் இருந்துகொண்டு அழுதாள்.

கிருஷ்ணராசாவின் முகம் முழுக்க மழைத் தண்ணீர். பாலாம்பிகை தன் சட்டைக் கையால் துடைத்தாள். அவருக்கு மூச்சு வாங்கியது. ஏதோ சொன்னார். அவள் காதைக் கிட்டக் கொண்டுபோனாள்.

"வைப்பரைப் போடும்," என்றார். "ஒண்டும் தெரியேல்லை."

எங்கே போகிறது என்று கேட்டதற்கு, சனம் பார்க்கவேண்டும் என்றார். அப்டன் பார்க்குக்குப் போனார்கள். கிறீன் ஸ்ட்ரீற்றில் சனிக்கிழமை நெரிசல். வான் நடையைவிட மெதுவாக ஊர்ந்தது. அதுதான் அவருக்கு வசதியாக இருந்தது. நகைக்கடை, மீன்கடை, மாம்பழப் பெட்டி அடுக்கிய கடை, நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திவிட்டுச் சண்டை பிடிக்கிற ஒருவன் என்று ஒவ்வொன்றாகக் கொழகொழத்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். பின்சீற்றில் இருந்த ஜதுர்ஷிகாவுக்குப் பாதி விளங்கவில்லை. பாலாம்பிகைக்கு எல்லாம் விளங்கியது.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக அவர் ஒருநாளும் மறுக்கவில்லை. ஆகஸ்ட் நடுப்பகுதி வந்தது, முதுகு தாங்கியது. செப்டெம்பரும் போனது. ஒக்டோபர் பன்னிரண்டாம் திகதி அவளுடைய மூக்குக்கண்ணாடி எடுக்க இல்ஃபர்ட் போனார்கள். அதுதான் கடைசிப் பயணம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. தரிப்பிடம் கிடைக்கவில்லை என்று அவர் வழி முழுக்கக் குறை சொன்னார். அடுத்த கிழமை சாய்ந்து படுக்கிற நாற்காலி வந்தது.

வான் வாசலில் நின்றது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் அதைத் தாண்டிப் போவாள். விற்கவும் மனமில்லை, வைத்திருக்கவும் நியாயமில்லை. கார்த்திகையில் ஒரு நாள் கிருஷ்ணராசாவே கதையை எடுத்தார். குரல் போய்விட்டது, கண் அசைவால் எழுத்துகளைத் தெரிவு செய்தால் வாசித்துக் காட்டுகிற திரை ஒன்று அவர் முன்னால் இருந்தது. ஒரு வசனத்துக்கு மூன்று நிமிடம் எடுக்கும்.

*அதிலை ஆராவது இருக்கவேணும்.*

சிகிச்சையாளரிடம் சொல்லிவைத்தாள். இரண்டு கிழமையில் ஆள் கிடைத்தது. குட்மேய்ஸில் றூபினி என்று ஒரு பெண்; கணவருக்குப் பாரிசவாதம்; அவரும் வாகனத்தில் பின்பக்கம் ஏற மறுக்கிறவர். பாலாம்பிகை ஞாயிறு காலை வானைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சுவிச்சில் எது ஏற்றம் எது இறக்கம் என்று காட்டினாள். றூபினியையே சீற்றில் இருத்தி மூன்று தரம் ஏற்றி இறக்கினாள். பிறகு அவளையே வானை ஓட்டவிட்டுப் பக்கத்தில் இருந்து பார்த்தாள். திரும்ப 86ஆம் இலக்க பஸ்ஸில் வந்தாள்.

கிருஷ்ணராசா விழித்திருந்தார். அவள் ஜக்கெற்றைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் இருந்தாள். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

*எப்பிடி ஓடுறா?*

"நேரை போறா," என்றாள் பாலாம்பிகை. "ரிவேர்ஸ் எடுக்கச் சுட்டுப்போட்டாலும் வராது. குப்பைத் தொட்டியை இடிச்சுப்போட்டா. எங்கடை வானிலை இவ்வளவு நாளும் ஒரு கீறல் இல்லை."

கிருஷ்ணராசாவின் தோள் குலுங்கியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலோ என்று அவள் பதறி எழும்பி நெற்றியில் கை வைத்தாள். இருமல் இல்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.